கேப்டன் முறைப்பார், ஆனால் கடிக்க மாட்டார்

டோக்கியோ
அக்டோபர் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

தமாகி எழுதுகிறேன். இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. அங்கே கடற்காற்று திசை மாறியிருக்கும். போன வாரம் நீங்கள் அனுப்பிய கருவாடு வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரி வாசனைக்கு முகத்தைச் சுளித்துவிட்டு, மறுநாளே "கொஞ்சம் மிச்சம் இருக்கா?" என்று கேட்டு வந்து நின்றாள்.

போனில் பேசினால் நாம் இருவரும் வணக்கம் சொல்வதற்குள் சண்டைக்குப் போய்விடுகிறோம். அதனால்தான் கடிதம். முடிவு வரை படியுங்கள், நடுவில் மடித்துச் சட்டைப்பையில் வைக்காதீர்கள்.

என் வலது முழங்கால் இனிமேல் பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடக்கலாம், மாடி ஏறலாம், குதிக்க மட்டும் கூடாது. ஆனால் கோஹாரு குதிக்காமல் ஒரு பாட்டுகூடப் பாடியதில்லை. திரையில் அவள் ஆடும்போது கீழே மேடையில் நானும் அதே அடியை அதே தாளத்தில் வைத்தாக வேண்டும். அவளுக்குப் பதினாறு வயது. பத்து வருடமாகவே பதினாறுதான். அவளுக்குக் குரல் கொடுக்கிற எனக்கு வருகிற நவம்பரில் முப்பத்துநான்கு.

'ஏழு அலை' கார்ட்டூன் ஆரம்பித்துப் பத்து வருடம் ஆனதற்கான விழா ஜனவரி பன்னிரண்டாம் தேதி. அதுதான் என் கடைசி மேடை. அதற்குப் பிறகு கோஹாருவின் குரல் மாஹிரோ என்கிற பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குப் போகிறது. கம்பெனி என்னைத் துரத்தவில்லை. நானாகத்தான் சொன்னேன். டிசம்பரில்தான் வெளியே அறிவிப்பார்கள். அதுவரை அம்மாவிடம் மூச்சு விடாதீர்கள். அம்மா காதில் விழுந்தால் ரசிகர் மன்றம் முழுவதற்கும் விழுந்த மாதிரி.

இத்துடன் இரண்டு டிக்கெட் வைத்திருக்கிறேன். இந்தப் பத்து வருடத்தில் நீங்கள் ஒரு தடவைகூட வந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொன்னீர்கள், நானும் நம்புகிற மாதிரி இருந்துவிட்டேன். இந்த ஒரு தடவை வாருங்கள் அப்பா. உங்கள் மகள் என்ன வேலை செய்கிறாள் என்பதை ஒரே ஒரு முறை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது.

அன்புடன்,
தமாகி

மறந்துவிட்டேன்: உங்கள் படகில் ஓடும் கோஹாருவின் அறிவிப்பும் மாறும். மார்ச் ஒன்றாம் தேதியிலிருந்து மாஹிரோ பேசியதைப் போட வேண்டியிருக்கும்.


கமேவுரா படகுத்துறை
அக்டோபர் 9

தமாகிக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நலம். உன் அம்மாவும் நலம், அவள் வாய் அதைவிட நலம்.

கடிதத்தை மடிக்கவில்லை. திரும்பவும் படித்தேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அது உன் அம்மா வீட்டு முழங்கால். என் பக்கத்தில் யாருக்கும் அப்படி வந்ததில்லை.

இங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை. தீவுக் கோயில் படியில்தான் உங்கள் ஏழு பெண்களும் முதல் பாட்டைப் பாடினார்களாம், அந்தப் படியில் நின்று போட்டோ எடுக்க வாரா வாரம் படகு நிரம்புகிறது. படகின் இரண்டு பக்கமும் ஏழு பேர் படமாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். 'சிதோரி' என்று என் படகின் பெயர் இருந்த இடத்தில் இப்போது அந்த ஏழு பேரில் வகாபாவின் காது இருக்கிறது. அது தெரிந்துதானோ என்னவோ, உன் அம்மா அந்த இடத்தை மட்டும் தினமும் துடைக்கிறாள். அவள் கடை முழுக்க வகாபா படம்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். உன் அம்மா எந்தக் காக்கையோ. கேட்டால் சொல்கிறாள்: "தமாகி நம்ம பொண்ணு. அவமேல பாசம் வைக்கிறது கடமை. வகாபா நானா தேடிப் பிடிச்சவ."

வடக்கே அகிதாவிலிருந்து வருகிற சகுமா வாத்தியார் போன ஞாயிறு வந்திருந்தார். பருத்த மனிதர், கோஹாரு என்றால் உயிர். வண்டியை விட்டு இறங்கியதும் எல்லாரையும் போல "கேப்டன், நான் வந்துட்டேன்!" என்று கத்தினார். கடைத்தெருவில் எல்லாரும் "வந்துட்டீங்களா, வாங்க வாங்க" என்று பல்லிளிக்கிறார்கள். நான் "டிக்கெட்டைக் காட்டுங்க" என்றேன்.

"ஒரு தடவை சொன்னா என்ன கேப்டன்? வந்துட்டியான்னு ஒரு வார்த்தை."

"பெத்த பொண்ணு வீட்டுக்கு வந்தா சொல்ற வார்த்தைய்யா அது. போறவன் வர்றவனுக்கெல்லாம் வாரி விட முடியாது."

"அதைக் கேக்கத்தான் நாங்க இவ்வளவு தூரம் வர்றோம்" என்று சிரித்தார். அவர் வீட்டில் யாரும் இல்லையாம். ஆனாலும் நான் சொல்லவில்லை.

ஜனவரியில் நான் வர முடியாது. படகை யார் பார்ப்பது? டிக்கெட்டுகளைத் திருப்பி அனுப்புகிறேன். ஏங்குகிற ஆள் யாருக்காவது கொடு.

அந்த அறிவிப்பு விஷயம் முடிவாகிவிட்டதா? மாற்றாமல் விட்டால் என்ன?

அப்பா


டோக்கியோ
அக்டோபர் 21

அப்பாவுக்கு,

டிக்கெட்டுகள் ஒரு மடிப்புக்கூட இல்லாமல் திரும்பி வந்தன. அவ்வளவு பத்திரமாக வேண்டாம் என்று சொன்னதற்கு நன்றி.

படகை யார் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். விழா நாளில் ரசிகர்கள் அத்தனை பேரும் இங்கே மண்டபத்தில் இருப்பார்கள். கமேவுராவில் கடற்பறவைகளைத் தவிர யார் இருக்கப் போகிறார்கள்? அவற்றுக்கு இறக்கை இருக்கிறது, உங்கள் படகு வேண்டாம்.

நேற்று ஒப்பனை அறையில் ஒரு போட்டோ எல்லார் கையிலும் சுற்றியது. புயல் வந்த அன்று யாரோ எடுத்தது. உங்கள் டிக்கெட் அறை வாசலில் நிற்கும் கோஹாருவின் ஆளுயர அட்டைக்கு உங்கள் மழைக்கோட்டைக் கழற்றிப் போட்டுத் தூணோடு கட்டுகிறீர்கள். நீங்கள் தொப்பலாக நனைந்துகொண்டிருக்கிறீர்கள். 'கேப்டன் வாழ்க' என்று ஊர்பேர் தெரியாதவர்கள் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் என் அப்பா என்று வெளியே யாருக்கும் தெரியாது, குடும்பத்தைப் பற்றிச் சொல்லக் கூடாது என்பது கம்பெனி விதி. அறைக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும். "உங்கப்பா எவ்வளவு நல்லவர்!" என்றார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

பொறாமைதான். சொல்லிவிடுகிறேன். கோஹாருவின் பிறந்தநாளுக்கு ஊரே துறையில் கூடிக் கேக் வெட்டுகிறது. என் பிறந்தநாளுக்குக் கருவாடு வருகிறது, அதில் ஒரு வரிகூட எழுதியிருக்காது.

அவளை நான் வெறுக்கவும் இல்லை அப்பா. அவள் முகம் போட்ட பால், குடை, ரயில், வங்கிப் புத்தகம் எல்லாம் வந்துவிட்டது. ஒரே பாட்டுத் தட்டைப் பெட்டி பெட்டியாக வாங்குகிறார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஓட்டுச்சீட்டு. அடுத்த பாட்டில் நடுவில் யார் நிற்பது என்று அந்த ஓட்டுதான் முடிவு செய்கிறது. ஒரு வருடம் கோஹாரு ஓரத்துக்குப் போய்விட்டாள். அப்போது பெயர் போடாத ஒரு கடிதம் வந்தது: 'கவலைப்படாதே கோஹாரு, அடுத்த மாதம் கூடுதலாக வேலை பார்த்து உன்னை நடுவுக்குக் கொண்டுவருகிறேன்.' நீங்கள் சிரிப்பீர்கள். கம்பெனியும் லாபத்தை எண்ணிக்கொண்டு சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருத்தியை நடுவில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் அப்படி ஆசைப்படுவது பெரிய விஷயம். எனக்காக யாராவது அப்படி ஆசைப்பட்டார்களா என்று யோசித்துப் பார்த்தேன்.

(அம்மா வகாபாவுக்குத்தான் ஓட்டுப் போட்டாள் என்பது எனக்குத் தெரியும்.)

அறிவிப்பு மாறத்தான் வேண்டும். ஒப்பந்தம் அப்படி.

தமாகி


கமேவுரா
நவம்பர் 11

தமாகிக்கு,

கருவாடு அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை எழுதியும் அனுப்புகிறேன். பிறந்தநாள் வாழ்த்துகள். ஒரு வரி எழுது என்றாய், இதோ எழுதிவிட்டேன். இனி நீ கேட்காததையும் எழுதுகிறேன்.

மழைக்கோட்டு போட்டது உண்மை. அட்டை நனைந்தால் முகம் ஊறி உப்பிவிடும். அந்த முகத்துக்குள்ளே நீ இருந்து பேசுகிறாய் என்று என் மரமண்டை நினைத்துக்கொள்கிறது. நான் என்ன செய்யட்டும்? உன்மேல் போடுவதற்கு நீ இங்கே இல்லையே.

கயிறு அவிழ்ப்பதற்கு முன்னால் பொத்தானை அமுக்குகிறேன். நீ பேசுகிறாய். "கமேவுராவுக்கு வந்துட்டீங்களா! படகோட உத்தரம் தாழ்வு, தலையைக் குனிஞ்சு ஏறுங்க. கேப்டன் முறைப்பார், ஆனா கடிக்க மாட்டார்!" அந்தக் கடைசி வரி கம்பெனி எழுதிக் கொடுத்ததில் இல்லை, நீயாகச் சேர்த்தது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். சனங்கள் சிரிக்கிறார்கள். நான் முறைக்கிறேன். அவர்களுக்கு அது கோஹாரு. குரலை நீ எவ்வளவு மேலே ஏற்றினாலும், 'கேப்டன்' என்று சொல்லும் இடத்தில் உன் சின்ன வயசு மூக்கடைப்பு அப்படியே இருக்கிறது. பத்து வருடமாக உனக்கும் எனக்கும் நடக்கிற பேச்சுவார்த்தை இதுதான். நீ கேலி செய்வாய், நான் முறைப்பேன். சண்டை வந்ததே இல்லை.

மார்ச்சிலிருந்து அது இல்லை என்று நீ கடிதத்தின் வாலில் எழுதியிருந்தாய். வேறு எதையும் நான் சரியாகப் படிக்கவில்லை.

படகு அறிவிப்பை ஒருநாளும் மாற்றக் கூடாது என்று கடைத்தெருச் சங்கத்தில் போய்ச் சத்தம் போட்டேன். காரணத்தைச் சொல்ல முடியாதே, அதனால் சும்மா சத்தம் மட்டும் போட்டேன். "அதை யாரு மாத்தப் போறாங்க கேப்டன், உங்களுக்கு எதுக்கு இவ்வளவு கோபம்?" என்றார்கள். சரிதான், எனக்கு எதற்கு.

நான் வராததற்குப் படகு காரணமில்லை. அங்கே எல்லாரும் கோஹாரு என்று கத்துவார்கள், இல்லாவிட்டால் கம்பெனி உனக்கு வைத்த மேடைப் பெயரைக் கத்துவார்கள். என் வாய்க்கு இரண்டும் வராது. தமாகி என்று கத்திவிட்டால் நீ கட்டிக்காத்தது எல்லாம் போய்விடும் என்றுதான் இத்தனை வருடம் பயந்தேன். இந்தத் தடவை பயம் வேறு. நான் வந்து கை தட்டினால், சரி முடித்துக்கொள் என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும். என்னால் அது முடியாது அம்மா. கோபித்துக்கொள்ளாதே.

மீனை வெயில் படாமல் வை.

அப்பா


டோக்கியோ
டிசம்பர் 8

என் அன்பு அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஒத்திகைப் பையிலேயே வைத்திருக்கிறேன். எடுத்துப் படித்தால் வேலை ஓடவில்லை, அதனால் தொட்டு மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

நான் விலகுகிற அறிவிப்பு வந்துவிட்டது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் டிக்கெட் அறை முன்னால் உட்கார்ந்து பெரிய பெரிய ஆம்பிளைகள் அழுதார்கள் என்றும், கேப்டன் எல்லாருக்கும் சூடாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார் என்றும் படித்தேன். அம்மா போனில் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டாள்: "பெத்தவகிட்ட மறைச்சியாடி! மன்றத்துல எல்லாருக்கும் முன்னாடி நான் முட்டாள் மாதிரி 'ஐயோ' ன்னேன்!" திட்டி முடித்ததும் அழுதாள். அழுது முடித்ததும், குலுக்கலில் தனக்கு டிக்கெட் விழுந்துவிட்டதாகச் சொன்னாள். வகாபாவுக்குப் பச்சை விளக்குத் தூக்கப் போகிறாளாம். என் கடைசி மேடையில், என் அம்மா! சிரித்து மாளவில்லை எனக்கு.

நீங்கள் கத்த வேண்டாம். கை தட்ட வேண்டாம். முடித்துக்கொள் என்று சொல்ல வேண்டாம், வேண்டுமானால் முறைத்துக்கொண்டே இருங்கள். உங்கள் பெயரில் ஒரு டிக்கெட் வாசல் கவுண்டரில் இருக்கும்.

வந்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை, அது ஒன்றுதான் வருத்தம். மேடையிலிருந்து பார்த்தால் முகங்கள் தெரியாது, கையில் இருக்கும் விளக்குக் குச்சிகள் மட்டும்தான் தெரியும். கோஹாரு பாடினால் மண்டபம் முழுக்க மஞ்சள். ஒருவர்கூடத் தவற மாட்டார்கள். இன்னொருத்தியின் நிறத்தைத் தூக்கினால் அது பெரிய அவமரியாதை. அந்த மஞ்சளுக்குள் எது நீங்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பேன்? ஏதோ ஒன்று நீங்கள் என்று நினைத்துக்கொண்டு பாடிவிடுகிறேன்.

உங்கள் பொண்ணு,
தமாகி


கமேவுரா
ஜனவரி 9

தமாகி,

அம்மா படுத்துவிட்டாள். காய்ச்சல். பயப்பட ஒன்றுமில்லை, கஞ்சி உப்பில்லை என்று திட்டுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறாள். ஆனால் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிக்கெட்டையும் அந்த விளக்குக் குச்சியையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறாள். "நீயாவது போயேன்யா. என் வகாபாவுக்கு யார் பச்சை தூக்குவா?" என்கிறாள். ஆளை விடு என்றேன்.

அதனால் நம் வீட்டிலிருந்து யாரும் இல்லை. மனதைத் தளர விடாதே. குதிக்க வேண்டிய இடத்தில் குதிக்காதே. யார் என்ன சொன்னாலும் குதிக்காதே.

அப்பா


டோக்கியோ
ஜனவரி 14

அப்பா!

யாரும் இல்லை என்று எழுதினீர்களே, நீங்கள் லேசுப்பட்டவரா!

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். என் கடைசிப் பாட்டு. முன்னிசை தொடங்கியதும் மண்டபம் முழுக்க மஞ்சள் ஏறியது. கடுகுப் பூ வயலுக்கு நடுவே நிற்கிற மாதிரி இருந்தது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு முதல் வரியை எடுத்தேன். அப்போது இடது பக்கம், நடு வரிசையில், ஒரே ஒரு பச்சை.

பச்சை அணைந்தது. திரும்பவும் பச்சை. பைத்தியம் பிடித்த மாதிரி மின்னியது. மறுபடியும் பச்சை. பிறகு அது மாறவே இல்லை. தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், படகைத் துறைக்கு அழைக்கிற மாதிரி வலமும் இடமுமாக ஆடிக்கொண்டிருந்தது.

பத்து வருடத்தில் அந்தத் தவறை ஒரு ரசிகன்கூடச் செய்ததில்லை. செய்யவும் மாட்டான். அம்மாவின் குச்சியை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து, நிறம் மாற்றத் தெரியாமல் விழிக்கிற ஆள் உலகத்தில் ஒருவர்தான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டாவது வரியில் பாதியை விழுங்கிவிட்டேன். நான் அழுதுவிட்டேன் என்று பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும். அத்தனை ஆயிரம் விளக்கில் என் அப்பாவை மட்டும் எனக்குத் தெரிந்தது. வேறு நிறத்தைத் தூக்கியிருந்தால் தெரிந்தேயிருக்காது.

கடைசியில் எங்களைச் சின்ன வண்டியில் ஏற்றி மண்டபத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். நடுவில் ஒரு பூ வளைவு தொய்ந்து கிடந்தது, நான் கையாட்டுகிற மும்முரத்தில் கவனிக்கவில்லை. அந்தச் சத்தத்திலும் யாரோ என்னவோ கத்தியது காதில் விழுந்தது. தலையைக் குனிந்தேன். வளைவின் கம்பி தலைக்கு மேலே உரசிக்கொண்டு போனது. அது நீங்கள்தானா? என் கற்பனையா?

முடிந்ததும் ஓடி வந்து பார்த்தேன். நாற்காலி காலி. ஏன் அப்பா ஓடினீர்கள்? வாசலில் ஒரு நிமிடம் நின்றிருக்கக் கூடாதா?

தமாகி


கமேவுரா
மார்ச் 4

தமாகி,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் வெட்கமாக இருந்தது. அம்மா எழுந்து நடமாடுகிறாள். வகாபாவுக்கு நான் ஒழுங்காகப் பச்சை தூக்கவில்லை என்று இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

ஓடியதற்குக் காரணத்தைச் சொல்கிறேன், சிரிக்காதே.

வரக் கூடாது என்றுதான் இருந்தேன். அன்று காலையில் படகை எடுத்தேன். படகில் ஒரு ஈ காக்கை இல்லை. பழக்கதோஷத்தில் பொத்தானை அமுக்கிவிட்டேன். காலிப் படகில் நீ பேசினாய். கேப்டன் முறைப்பார் என்றாய். முறைக்க ஆளே இல்லை. படகைத் துறையிலேயே கட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். உன் அம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் குச்சியைக் கையில் திணித்தாள்.

மண்டபத்தில் அந்தச் சனியன் பிடித்த குச்சி! ஒரு பொத்தானை அமுக்கினால் அணைகிறது, இன்னொன்றை அமுக்கினால் வலிப்பு வந்த மாதிரி துடிக்கிறது. பக்கத்தில் இருந்த பையன் பதறிவிட்டான்.

"ஐயா, இது கோஹாரு பாட்டு! மஞ்சள், மஞ்சள்!"

"எனக்குத் தெரியாதாய்யா? இது மாற மாட்டேங்குது!"

"விடாம அமுக்குங்க!"

"அமுக்கிட்டுத்தான்யா இருக்கேன்!"

அவனுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "விட்டுடு. அவர் அழுறாரு" என்றாள். அழுதேன்தான். உன்னிடம் மறைப்பானேன். திரையில் அந்தப் பொம்மை குதித்தது. கீழே நீ குதிக்கவில்லை. குதிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் நின்று கையை மட்டும் உயர்த்தினாய். நான் பொம்மையைப் பார்க்கவே இல்லை. நீ நடுவில் நின்றாய். உன்னை அங்கே நிற்க வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் யார் என்று கேட்டிருந்தாயே. நான் ஓட்டுச்சீட்டு வாங்காதவன், அவ்வளவுதான்.

வண்டி வந்தபோது கத்தியது நான்தான். "தமாகி, தலை!" என்று வாய் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. எது நடக்கக் கூடாது என்று பத்து வருடம் பயந்தேனோ அது நடந்துவிட்டது. அந்தப் பெண் திரும்பி, "தமாகி யாருங்க?" என்றாள்.

"என் படகோட பேரு" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

இப்போது மாஹிரோ விஷயம். மார்ச் ஒன்றாம் தேதி முதல் படகுக்கு அவளே வந்தாள். துறை நிறையக் கூட்டம். ஒருவரும் கத்தவில்லை, எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். உன் பழைய கழுத்துத்துண்டைச் சுற்றியிருந்தாள், நீ கொடுத்ததாமே. மூக்கு சிவந்து கிடந்தது. பலகையில் கால் வைக்காமலே நின்று, "கேப்டன்... நான்... வந்துட்டேன்" என்றாள், கோழிக்குஞ்சு மாதிரி.

அவளை வெறுக்க வேண்டும் என்று தயாராகத்தான் இருந்தேன். அந்த மூக்கைப் பார்த்ததும் முடியவில்லை. நீ இந்த ஊரை விட்டுப் போன அன்று டோக்கியோவில் உன்னை யார் எப்படி வரவேற்றார்களோ என்று நினைத்தேன். "வந்துட்டியா. வாம்மா. தலை இடிக்கும், பாத்து" என்றேன். பின்னால் சகுமா வாத்தியார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். தொலையட்டும் என்று, "நீயும் வந்துட்டியாய்யா, ஏறு" என்றேன். அந்த மனிதர் உட்காருவதற்குள் உத்தரத்தில் முட்டிக்கொண்டார்.

பொத்தானை அமுக்கினேன். மாஹிரோவின் குரல். நன்றாகத்தான் இருக்கிறது, உன் குரல் இல்லை. "தலையைக் குனிஞ்சு ஏறுங்க" என்றது. பிறகு ஒன்றும் இல்லை. வெறும் இரைச்சல். பழுதாகிவிட்டதோ என்று கருவியைத் தட்டினேன்.

மாஹிரோ மெல்ல என் பக்கம் வந்து, யார் காதிலும் விழாமல் சொன்னாள்: "பழுது இல்லைங்க. கம்பெனி அந்த வரியையும் சொல்லச் சொன்னாங்க. அது கோஹாரு சொன்னது இல்ல, தமாகி அக்கா சொன்னது. அந்த இடத்தை மட்டும் காலியா விட்டுடுங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."

அதற்குள் படகில் இருந்த சனங்கள் பொறுக்கவில்லை. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை, எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள்: "கேப்டன் முறைப்பார், ஆனா கடிக்க மாட்டார்!"

நான் முறைத்தேன். அது என் வேலை. அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் அந்த இடம் காலியாக வருகிறது, சனங்கள் நிரப்புகிறார்கள். நன்றாகத்தான் கத்துகிறார்கள். ஆனால் ஒருவருக்கும் அந்த மூக்கடைப்பு இல்லை.

அதனால் கேட்கிறேன். இனி உனக்கு ஒத்திகை இல்லை, மேடைப் பெயர் இல்லை. அந்த நொண்டிக் காலை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டால் யாருக்கும் உன்னை அடையாளம் தெரியாது. கடைசி வரிசையில் உட்கார்ந்து அந்த இடம் வரும்போது உன் சொந்தக் குரலில் சொல். எனக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். வந்துட்டியா என்று மாஹிரோவுக்கும் வாத்தியாருக்கும் சொல்லிவிட்டேன் என்று வருத்தப்படாதே. உனக்கு இத்தனை வருடமாகச் சொல்லாதது அத்தனையும் அப்படியே இருக்கிறது.

வரும்போது வகாபாவின் கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறாள் உன் அம்மா. வாங்கி வா, இல்லாவிட்டால் எனக்குச் சோறு கிடைக்காது.

முதல் படகு ஒன்பது மணிக்கு. தலையைக் குனிந்து ஏறு.

அப்பா